மலை எவ்வளவு திரும்பியது? பெறாமகளின் நாலு வழிகளும் என் தெரிவும்

போன ஞாயிறு பின்னேரம் என் பெறாமகள் உப்புவெளி வீட்டுக்கு வந்தாள், கையில் நாலாய் மடித்த ஒரு கொப்பித் தாள். முதுமாணி படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. பெருவின் தெற்கும் சிலியின் வடக்கும் சேர்கிற இடத்தில் அந்தீஸ் மலைத்தொடர் முழங்கை போல மடங்கி நிற்கிறதல்லவா, அங்கே புவியோட்டுத் துண்டுகள் எவ்வளவு திரும்பியிருக்கின்றன என்பதுதான் அவள் சேரப்போகும் குழுவின் கேள்வி. அதற்குள் நாலு வேலை இருக்கிறது, மாதம் முடிய முன்னர் அவள் ஒன்றைச் சொல்ல வேண்டும். "சின்னம்மா, நாலும் ஒரே கேள்விக்குத்தானே, லேசானதை எடுக்கட்டோ?" என்றாள்.

நாலும் ஒரே கேள்விக்கு இல்லை, அங்கேதான் சிக்கல். நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு இங்கே திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த விஷயத்தில் என் பிள்ளைகளில் பலர் இடறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே தெரிவோடு நிற்கும் வேறு யாருக்கும் உதவட்டும்.

பாறை அடுக்கு சரிந்தால் கண்ணுக்குத் தெரியும். கிடையாகப் படிந்தது இப்போது செங்குத்தாக நிற்கிறதே என்று ஒரு குழந்தைகூடச் சொல்லும். ஆனால் ஒரு துண்டு நிலம் சரியாமல், நிலைக்குத்து அச்சில், திருகைக் கல்லின் மேற்தட்டு போலத் திரும்பினால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அடுக்குகள் முன்பிருந்தபடியே இருக்கும். திருகையில் ஒரு கைபிடி இருக்கிறது, ஆரம்பத்தில் அது எந்தப் பக்கம் நின்றது, இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் எவ்வளவு திரும்பியது என்று சொல்லிவிடலாம். மலைக்கு அப்படி ஒரு கைபிடி வேண்டும், ஆரம்பத்தில் அது நின்ற திசையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாளிலிருந்த நாலு வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே நிறுத்துப் பார்த்தேன்: இந்த வழி எனக்குக் கைபிடியைக் காட்டுகிறதா?

முதலாவது ஜிபிஎஸ். மலையில் கம்பம் நட்டு, வருடக்கணக்காக அதன் இடத்தைப் பதிந்து, எந்தத் துண்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பது. சுத்தமான வேலை, தரவின் பெரும்பகுதி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, கணினி முன்னாலேயே முடிக்கலாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு துண்டு மில்லியன் ஆண்டுக்கு 1 பாகை திரும்புகிறது என்று வைப்போம், 100 கிலோமீற்றர் இடைவெளியில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு இடையில் அது வருடத்துக்கு ஏறத்தாழ 1.7 மில்லிமீற்றர் வித்தியாசமாக வரும். நல்ல கருவியும் பல வருடப் பதிவும் இருந்தால் இது பிடிபடக்கூடிய அளவுதான். ஆனால் ஜிபிஎஸ் சொல்வது இன்றைய வேகம் மட்டும். அதிலும் ஒரு பங்கு, பெரிய பூமியதிர்ச்சி வரும்வரை வில்லாய் வளைந்திருந்து பிறகு திரும்ப நிமிர்கிற வளைவு, மலையில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. இன்று பஸ் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து அது கொழும்பிலிருந்து வந்ததா கந்தளாயிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியுமா? அதே நிலைமைதான். அவள் போகும் அந்த முழங்கையில், அதைப் பொலிவிய வளைவு என்பார்கள், ஜிபிஎஸ் அளவீடுகளும் பாறைக்குள் உறைந்த பழைய காந்தமும் (தாளில் நாலாவது வழி, கீழே சொல்கிறேன்) ஒரே கதையைச் சொல்கின்றன, வளைவுக்கு வடக்கே இடஞ்சுழி, தெற்கே வலஞ்சுழி. 2005-இல் அது வெளிவந்தபோது பெரிய விஷயமாக இருந்தது. ஆனால் அந்த ஒப்பீட்டுக்கே மற்றப் பக்கத்தில் காந்தத் தரவு முதலில் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது, மடிப்புகளும் பிளவுகளும் ஓடுகிற திசையைப் படமாக்குவது. எனக்கு மிகவும் பிடித்த வேலை, ஏனென்றால் நடக்க வேண்டும், மலையைத் தொட வேண்டும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அதைக் காட்ட வீட்டிலிருந்த பன்பாயை விரித்தேன். நேர்க்கோடு போட்ட பாய். ஒரு மூலையை அலுமாரிக் காலுக்குக் கீழே செருகிவிட்டு மறுபக்கத்தைத் தள்ளினால் பாய் சுருங்கி வளைகிறது, கோடுகளும் சேர்ந்து திரும்புகின்றன. சரி, அதே வளைந்த உருவத்திலேயே ஒருவர் ஒரு பாயை இழைத்துத் தந்தால்? வெளியுருவம் ஒன்றுதான், ஆனால் அந்தப் பாய் ஒருபோதும் திரும்பவில்லை. மலைத்தொடர்களும் இப்படித்தான்: சில பிறக்கும்போதே வளைவாகப் பிறந்தவை, சில நேராக இருந்து பின்னர் வளைக்கப்பட்டவை. நேராக இருந்தது வளைவதைப் பற்றி கேரி என்ற புவிச்சரிதவியலாளர் 1955-இல் எழுதினார், அதற்குப் பிறகு இதுவே பெரிய விவாதம். மடிப்புத் திசையை மட்டும் வைத்திருப்பவர் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பாயின் கோடு வேண்டும், அதாவது வளைவதற்கு முன்னரே போட்ட ஒரு கோடு. வளைவைச் சுற்றிப் பல இடங்களில் மடிப்புத் திசை எவ்வளவு மாறுகிறது, காந்தத் திசை எவ்வளவு மாறுகிறது என்று இரண்டையும் ஒரே வரைபில் போடுவார்கள். இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக மாறினால் மலை முழுக்கப் பின்னர் வளைந்தது, காந்தம் அசையாமலே இருந்தால் பிறவி வளைவு. எனக்குத் தெரிந்து மலைகளைப் பற்றிய பரிசோதனைகளில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு திட்டவட்டமாகவும் பதில் தருகிறது வேறு இல்லை.

மூன்றாவது காந்த இழையமைப்பு. பாறைத் துண்டைச் சிறிய காந்தப் புலத்தில் திருப்பித் திருப்பி வைத்து, எந்தப் பக்கமாக எளிதில் காந்தமேறுகிறது என்று அளப்பது. விரைவான வேலை, ஒரு துண்டுக்குச் சில நிமிடம், சூடாக்க வேண்டியதில்லை. "லேசானது" என்று அவள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் இது சொல்வது பாறை எந்தப் பக்கமிருந்து நெரிபட்டது, தாதுத் துகள்கள் எப்படி வரிசைப்பட்டன என்பதை. பாண் மாவைப் பிசைந்தவரின் கை எந்தப் பக்கம் அமர்த்தியது என்பது போல. மாவை வைத்த தட்டைப் பிறகு யாராவது திருப்பினார்களா என்று அது சொல்லாது. துணைக்கு நல்லது, தனியே போதாது.

நாலாவதுதான் தொல்காந்தம், பாறைக்குள் உறைந்திருக்கும் பழைய காந்தத் திசையை எடுப்பது. இங்கேதான் கைபிடி இருக்கிறது.

எரிமலைக் குழம்பு ஆறும்போது அதற்குள்ளிருக்கும் மக்னடைட் துகள்கள் 580 பாகை செல்சியஸுக்குக் கீழே வந்ததும் அந்த நேரத்துக் காந்தப் புலத்தின் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. செந்நிறப் பாறைகளில் இருக்கும் ஹெமடைட்டுக்கு அந்த எல்லை கிட்டத்தட்ட 675. சேறாகப் படிகிற மண்ணிலும் நுண்துகள்கள் வடக்கை நோக்கித் திரும்பிப் படிகின்றன. இங்கே கடற்கரையில் ஒரு காந்தத்தைக் கடதாசியில் சுற்றி மணலில் இழுத்துப் பாருங்கள், கறுப்பாக மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதே தாது. மலையில் அது அசையாமல் பாறைக்குள் இறுகிப் போயிருக்கிறது, பல மில்லியன் ஆண்டு வடக்கைக் காட்டிக்கொண்டு. அந்தப் பாறை இருக்கும் நிலம் பிற்பாடு 40 பாகை திரும்பினால் அந்த "வடக்கு"ம் 40 பாகை திரும்பி நிற்கும். அவ்வளவுதான் தத்துவம். ஒரு தட்டின் மேல் பென்சிலைச் சரித்து ஒட்டிவிட்டுத் தட்டைச் சுழற்றினால் பென்சில் காட்டும் பக்கம் மாறும், சரிவு மாறாது. காந்தம் வடக்கிலிருந்து எவ்வளவு பக்கம் திரும்பி நிற்கிறது என்பது விலகல், கிடையிலிருந்து எவ்வளவு சரிந்து நிற்கிறது என்பது சாய்வு. அதனால்தான் விலகலிலிருந்து சுழற்சி கிடைக்கிறது, சாய்விலிருந்து அந்தப் பாறை பிறந்த அகலாங்கு தனியே கிடைக்கிறது. ஒரே அளவீட்டில் இரண்டு பதில்.

இதன் பலனைப் பார்க்க வேண்டுமானால் கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கே மற்ற மலைகளெல்லாம் வடமேற்காக ஓட, லொஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்து மேற்குக் குறுக்கு மலைகள் மட்டும் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. ஏன் என்று நிலப்படத்தால் சொல்ல முடியவில்லை. காந்தம் அளந்தபோது, கடந்த இருபது மில்லியன் ஆண்டுக்குள் அந்தத் துண்டு வலஞ்சுழியாக ஏறத்தாழ 90 பாகை திரும்பியது தெரிந்தது. ஸ்பெயின் இருக்கும் ஐபீரியக் குடாநாடு பிஸ்கே விரிகுடா திறந்தபோது இடஞ்சுழியாகச் சுமார் 35 பாகை திரும்பியதும் இப்படித்தான் தெரியவந்தது. ஒரு நாடே கதவு போலத் திறந்திருக்கிறது! வேறு எந்த வழியில் இதை ஒரு எண்ணாகச் சொல்ல முடியும்?

ஆனால் நான் அவளிடம் நல்லதை மட்டும் சொல்லவில்லை. இந்த வேலை உடம்பையும் பொறுமையையும் கேட்கும். பெற்றோலில் ஓடுகிற கைத்துளைப்பானை, மரம் அரிகிற இயந்திரத்தின் மோட்டார்தான், வைர நுனிக் குழாய் பூட்டிப் பாறையில் ஊன்ற வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் தண்ணீர்க் கொள்கலனைப் பம்ப் பண்ணிக்கொண்டே நிற்பார், தண்ணீர் நின்றால் நுனி எரிந்துவிடும். சாம்பல் நிறச் சேற்று நீர் சட்டையெல்லாம் தெறிக்கும். இரண்டரை சென்ரிமீற்றர் அகலத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பாறை உருளை உள்ளே நிற்கும், அதை உடனே உடைத்தெடுக்கக் கூடாது. நிற்கிற நிலையிலேயே அதன் மேல் ஒரு பிளவுக் குழாயைச் செருகி, திசையையும் சரிவையும் வாசித்துக் கொப்பியில் எழுதி, பித்தளைக் கம்பியால் பிளவு வழியே ஒரு கோடு கீறிய பிறகுதான் உடைக்க வேண்டும். அந்தக் கோடு இல்லாத துண்டு வெறும் கல். எரிமலைப் பாறையாக இருந்தால் சாதாரணத் திசைகாட்டியையே பாறை இழுத்துவிடும், அதனால் சூரியன் விழுத்தும் நிழலையும் நேரத்தையும் குறித்து வடக்கைக் கணக்கிட வேண்டும். தண்ணீரையும் தூக்கிக்கொண்டு அந்தீஸில் 4000 மீற்றருக்கு மேலே இதைச் செய்யும்போது மூச்சு வாங்கும், அதையும் சொன்னேன்.

ஆய்வுகூடத்தில் இன்னும் மெதுவான வேலை. பாறையில் பழைய காந்தத்தின் மேல் பிந்திய காந்தம் பூசியிருக்கும், வெங்காயத் தோல் போல. காந்தப் புலமில்லாத அடுப்பில் 100, 150, 200 என்று படிப்படியாகச் சூடாக்கி, ஒவ்வொரு படியிலும் ஆறவைத்து அளந்து, தோல் ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் ஒரே நேர்க்கோட்டில் பூச்சியத்தை நோக்கி வருகிற அந்தத் திசையைப் பிடிக்க வேண்டும். இதை வரைந்து பார்க்கும் முறையை செய்டர்வெல்ட் 1967-இல் தந்தார், இன்றும் அதுதான். ஒரு இடத்துக்கு எட்டுத் துண்டு, அப்படிப் பல இடம், ஒவ்வொரு துண்டுக்கும் பதினைந்து படி. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பிறகு நம்பகம். அடுக்குகள் மடிவதற்கு முன்னரே அந்தக் காந்தம் ஏறியதா? கிரஹாம் 1949-இல் சொன்ன மடிப்புச் சோதனை இருக்கிறது: மடிப்பின் இரண்டு பக்கத்திலும் எடுத்த திசைகள், அடுக்குகளைக் கணக்கில் நிமிர்த்தியதும் ஒன்றாகச் சேர்ந்தால் காந்தம் மடிப்புக்கு மூத்தது. நிமிர்த்தினால் சிதறிப்போனால் அது பிந்தி வந்த காந்தம். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, மடிப்புச் சோதனை செய்யாமல் சுழற்சி எண் சொல்கிற கட்டுரையை நான் நம்புவதில்லை. மடிப்பின் அச்சே சரிந்திருந்தால் வெறுமனே கிடையாக நிமிர்த்துவது பொய்ச் சுழற்சியைத் தந்துவிடும் என்பதையும் அவள் கொப்பியில் பெரிதாக எழுதச் சொன்னேன்.

இன்னொன்று, எதோடு ஒப்பிடுவது? துண்டு தனியே திரும்பாமல், அது இருக்கும் புவியோட்டுத் தட்டு முழுவதுமே திரும்பியிருக்கலாம். இந்தியாவின் தக்காணக் குழம்புப் பாறைகள் 66 மில்லியன் ஆண்டு முந்தியவை, அவற்றின் காந்தம் வடக்கிலிருந்து ஏறத்தாழ 25 பாகை இடப்பக்கம் விலகி நிற்கிறது. அங்கே மலை வளையவில்லை, இந்தியத் தட்டு முழுவதும் தெற்கிலிருந்து வந்துகொண்டே திரும்பியது. இமயமலையில் வேலை செய்கிறவர் இதைக் கழித்துவிட்டுத்தான் உள்ளூர்ச் சுழற்சியைப் பேச வேண்டும். தென் அமெரிக்கா அந்தக் காலத்துக்குப் பிறகு கொஞ்சமே திரும்பியது, ஆகவே அவளுக்கு இந்தக் கழித்தல் சிறியது. இது அவளுடைய இடத்துக்கு ஒரு பெரிய வாய்ப்பு.

அகலாங்கும் அவளுக்குச் சாதகம்தான். காந்தத் திசையின் பிழை 5 பாகை என்றால், சாய்வு 60 பாகையாக உள்ள இடத்தில் விலகலின் பிழை 10 பாகையாகப் பெருகிவிடும், ஏனென்றால் செங்குத்தாக நிற்கிற ஊசிக்குப் பக்கம் சொல்வது கடினம். 18 பாகை தெற்கு அகலாங்கில் எதிர்பார்க்கிற சாய்வு 33 பாகை, அங்கே அதே பிழை 6 பாகைதான். இதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லதுதானே என்று அவள் கேட்டாள். ஓரளவுக்கு. சாய்வு பூச்சியத்தை நெருங்கினால் அது வடக்கு நோக்கிய காந்தமா, புவிக்காந்தம் தலைகீழாக இருந்த காலத்துத் தெற்கு நோக்கிய காந்தமா என்று தெரியாமல் போகும், 20 பாகை திரும்பியதா 200 பாகை திரும்பியதா என்று தடுமாற வேண்டிவரும். 33 என்பது இரண்டுக்கும் நடுவில், சௌகரியமான இடம்.

எங்கள் ஊரையே உதாரணமாகக் காட்டினேன். திருகோணமலை எட்டரைப் பாகை வடக்கில் இருக்கிறது, நீண்ட காலச் சராசரிப்படி இங்கே காந்தம் ஏறத்தாழ 17 பாகை கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு அளந்தால் கிட்டத்தட்ட பூச்சியம். காந்த மத்தியகோடு இந்தப் பக்கத்தால் ஓடுகிறது. அதாவது ஒரு கணத்துக் காந்தப் புலம் சராசரியிலிருந்து இவ்வளவு விலகலாம். ஆயிரக்கணக்கான வருடத்தைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் நம்பலாம்.

இது நேரே அடுத்த தெரிவுக்குக் கொண்டுபோகிறது: எந்தப் பாறையில் துளைப்பது? குழம்புப் பாறைகளும் எரிசாம்பல் பாறைகளும் அங்கே மேற்குப் பக்கத்தில் ஏராளம், காந்தம் பலமாக இருக்கும், அளக்க இன்பம். ஆனால் ஒவ்வொரு படையும் ஒரு கணத்துப் புகைப்படம், பத்திருபது படையாவது இல்லாமல் சராசரி கிடைக்காது. அதோடு உயர்ந்த மேட்டில் துருத்தி நிற்கும் பாறையில் மின்னல் விழுந்து காந்தத்தையே மாற்றியிருக்கும், முகட்டில் துளைக்காதே என்று சொன்னேன். சுண்ணாம்புக்கல்லில் காந்தம் மெலிது, பிந்திய வெந்நீர்கள் ஊடுருவிப் புதிய மக்னடைட்டை வளர்த்து மறுகாந்தமேற்றுவது அடிக்கடி நடக்கும். அதையே பயன்படுத்தியவர்களும் உண்டு, வட ஸ்பெயினின் கான்டாப்ரிய வளைவில் அடுத்தடுத்து ஏறிய காந்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நேராக இருந்த மலை சுமார் 300 மில்லியன் ஆண்டுக்கு முன் வளைந்ததை நிறுவினார்கள். கெட்டிக்காரத்தனம், ஆனால் முதல் ஆய்வுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

என் தெரிவு செந்நிற நுண்மணற்கல்லும் களிக்கல்லும். உயர் மேட்டுநிலத்தில் தடித்த அடுக்குகளாக இருக்கின்றன, ஒரே வெட்டுமுகத்தில் பல ஆயிரம் வருடம் சேர்ந்திருக்கும், காந்தம் உறுதியானது. அவற்றின் மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு, மேலே பாரம் ஏறும்போது துகள்கள் அமர்ந்து சாய்வு குறைந்துவிடும் என்று. உண்மைதான், அகலாங்கு தேடுகிறவருக்கு அது தலையிடி. சுழற்சி தேடுகிறவருக்கு இல்லை, அமர்வது மேலிருந்து கீழாக, விலகல் அப்படியே இருக்கும். மற்றவர்கள் குறை சொல்லி ஒதுக்குகிற பாறை அவளுடைய கேள்விக்கு மிகப் பொருத்தமான பாறை.

நான் படிக்கும் காலத்தில் எங்கள் ஊர்ப் பாறையிலேயே இதைச் செய்யலாம் என்று நினைத்தேன். கோணேசர் மலை ஏறும்போதெல்லாம் அந்த ஆசை வரும். ஆனால் இந்தப் பழைய உருமாறிய பாறைகள் ஆழத்தில் மக்னடைட்டின் 580 பாகையைத் தாண்டிச் சூடாகிக் கிடந்தவை, பிறந்தபோதிருந்த காந்தம் அழிந்துவிட்டது, கிடைப்பது ஆறிய காலத்துக் காந்தம். கிடையான அடுக்கு எது என்றும் தெரியாது, எதை வைத்து நிமிர்த்துவது? பாறையைப் பார்த்துக் கேள்வியைத் தெரிவுசெய்ய வேண்டும் என்று அப்போது விளங்கியது. அவளுக்கு அந்தத் தடை இல்லை.

ஆகவே நான் சொன்னது இது. நாலாவதை எடு. மூன்றாவதை அதோடு சேர்த்துச் செய், புதிதாகத் துளைக்க வேண்டியதில்லை, சூடாக்க முன்னர் அதே துண்டுகளை அளந்துவிடலாம். மடிப்புத் திசைகளைத் துளைக்கிற ஒவ்வொரு இடத்திலும் நீயே எடுத்துக்கொள், அந்த வரைபுக்கு வேண்டும். ஜிபிஎஸ்ஸைக் குழுவில் வேறு யாராவது செய்யட்டும், கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உனக்கு முதுகு நோ உண்டென்றால், அல்லது ஒரு வருடத்துக்குள் முடித்துத் திரும்ப வேண்டுமென்றால் மட்டும் முதலாவதை எடு, அதில் வெட்கமில்லை. அவளுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, முதுகும் நன்றாயிருக்கிறது.

அவள் தாளில் நாலாவதைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகு சூரியத் திசைகாட்டி எப்படி என்று கேட்டாள். பலகைத் துண்டில் ஒரு ஆணியை நேராக அடித்து முற்றத்தில் வைத்தோம். நாலு மணி பத்துக்கு விழுந்த நிழலைக் கோடாக்கி, போனில் அன்றைய சூரியனின் திசையைக் கணக்கிட்டு வடக்கைக் குறித்தோம். பக்கத்தில் திசைகாட்டியை வைத்தால் ஊசி இரண்டு மூன்று பாகை மேற்கே நின்றது, இந்த ஊருக்கு அது சரியான விலகல்தான். கேற்றின் இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் திரும்பவும் வைத்துப் பார்த்தாள். நிழல் காட்டிய வடக்கு அசையவில்லை, ஊசி மட்டும் இருபது பாகைக்கு மேல் திரும்பிவிட்டது. இரண்டு வாசிப்பையும் நேரத்தோடு எழுதி எடுத்துக்கொண்டு போனாள்.